புத்தகத்தில் இல்லாத ஊர்

சாப்பாட்டு மேஜை மேல் டெக்சாஸ் மாநிலத்தின் ரோடு மேப் விரிந்து கிடந்தது. மடிப்புகளில் கிழிந்துபோன பழைய மேப். மூலைகள் சுருண்டுகொண்டே வந்ததால் உப்பு ஜாடி, ஊறுகாய் பாட்டில், என் காபி டம்ளர், உமாவின் கணக்கு நோட்டு என்று மூலைக்கு ஒன்றாகத் தூக்கி வைத்திருந்தேன். உமா என் மகள். அப்போது அவளுக்கு எட்டு வயது.

என் கையில் சிவப்புப் பென்சில். எதிரே என் கணவர் சேகர், தமிழ்ச் சங்கத்து முகவரிப் புத்தகத்தைத் திறந்து வைத்து ஒவ்வொரு ஊராக வாசித்துக்கொண்டிருந்தார். அவர் சொல்லும் ஊரில் ஒரு தமிழ்க் குடும்பம் இருந்தாலும் போதும், நான் மேப்பில் அந்த ஊரைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன்.

யாராவது பார்த்திருந்தால், வட்டம் போட்ட ஊர்களுக்கெல்லாம் சுற்றுலா போகப்போகிறோம் என்று நினைத்திருப்பார்கள். விஷயம் நேர் எதிர். வட்டம் விழாத ஓர் ஊர் எனக்கு வேண்டியிருந்தது.

எண்பதுகளின் நடுவில் ஏதோ ஒரு மார்ச் மாதம் அது. பள்ளிக்கூடத்தில் ஸ்பிரிங் பிரேக் விடுமுறை. எண்ணெய் விலை விழுந்து சேகரின் ஆபீசில் வாராவாரம் யாராவது ஒருவர் வேலை போய் அட்டைப்பெட்டியோடு வெளியே போய்க்கொண்டிருந்த காலம். அப்படியிருந்தும் நான் நாலு நாள் லீவு கேட்டு வாங்கச் சொன்னேன். எங்காவது போக வேண்டும், அங்கே எனக்குத் தெரிந்த ஒரு முகமும் இருக்கக் கூடாது, நான் அடுப்பைத் தொடக் கூடாது. இவ்வளவுதான் நான் கேட்டது.

நீல அட்டை

அந்தப் புத்தகத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நீல அட்டை, டைப் அடித்து நகலெடுத்த பக்கங்கள், முதுகில் மூன்று ஸ்டேப்பிள். மாநிலம் வாரியாக, ஊர் வாரியாகப் பெயர், போன் நம்பர், சொந்த ஊர், குழந்தைகளின் வயது. காரில் இன்ஷூரன்ஸ் காகிதம் இருக்கிற அதே பெட்டியில் அதுவும் இருக்கும். நம்மவர்கள் விடுமுறைக்கு எங்கே போவது என்று யோசித்தால் முதலில் அதைத்தான் திறப்பார்கள். மேப் எல்லாம் பிறகு.

எங்கள் வீடு ஹூஸ்டனை ஒட்டிய பேர்லேண்டில். கோயிலுக்குப் பத்து நிமிஷம். அதுதான் என் தலையெழுத்து.

கோயில் அப்போது புதுசு. ஓக்லஹோமா, லூசியானா, கான்சஸ் என்று எங்கிருந்தெல்லாமோ கார் கட்டிக்கொண்டு வருவார்கள். வருகிறவர்கள் அப்படியே கடலும் பார்க்க வேண்டும், ராக்கெட்டும் பார்க்க வேண்டும். தங்குவதற்கு நீல அட்டையைப் புரட்டினால் பேர்லேண்ட் என்ற தலைப்பின் கீழே முதல் பெயர் எங்களுடையது. அமெரிக்காவில் அப்பா பெயர்தான் குடும்பப் பெயராகிவிடுகிறது. என் மாமனார் பெயர் ஆறுமுகம். ஆங்கில வரிசையில் அது முதலில் வந்து நின்றது. அந்த நல்ல மனிதரை நான் நேரில் பார்த்ததுகூட இல்லை. ஆனால் அவருக்கு அந்தப் பெயரை வைத்தவர்களை மனசுக்குள் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன்.

போன் வரும். "உங்களுக்கு எங்களைத் தெரியாது. புக்ல பேரைப் பார்த்தோம்." சேகர் ரிசீவரைக் கையால்கூட மூடாமல், "அதுக்கென்ன, நேரா வீட்டுக்கு வாங்க! வீடு இருக்கும்போது எதுக்கு மோட்டல்?" என்பார். வீடு இருந்தது. வீட்டில் நான் இருந்தேன். அதை அவர் தனியாகக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அவரைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. கொஞ்சம் குறை சொல்வதற்காகவும்தான். வேலை போனால் நாலு பேர் தெரிந்திருக்க வேண்டும் என்ற பயம் அவருக்கு இருந்தது. மனிதர்கள் மேல் ஆசையும் இருந்தது.

நான் ஹூஸ்டனில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் டெக்னீஷியன். காலை ஆறரைக்கு ஷிப்ட். அதற்கு முன்னால் விருந்தாளிகளுக்கு இட்லி வார்த்து மூடி வைத்துவிட்டுப் போவேன். நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் ரத்தம் பார்த்துவிட்டு நாலரைக்கு வீடு திரும்பினால், அவர்கள் கோயிலிலிருந்து வந்து ஹாலில் காலை நீட்டி உட்கார்ந்திருப்பார்கள். "வந்துட்டீங்களா சுதா? உங்களுக்காகத்தான் காபி குடிக்காம வெயிட் பண்றோம்" என்பார்கள். அன்பாகத்தான் சொல்வார்கள். காபியை நான்தான் போட வேண்டும்.

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து வந்த ஒரு அங்கிளுக்கு இரண்டாம் டிகாக்ஷன் ஆகாது. இன்னொரு குடும்பம் இரண்டு நாளைக்கென்று வந்து, கார் ரிப்பேராகி, ஒன்பது நாள் இருந்தது. போகும்போது அந்த அம்மாள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். என்னுடையது வேறு அழுகை.

சோபா ஆல்பம்

நாங்கள் மட்டும் ஒழுங்கா என்றால், இல்லை. நாங்களும் அதே புத்தகத்தை வைத்துக்கொண்டுதான் ஊர் ஊராகப் போனோம்.

ஒரு கோடையில் கலிபோர்னியா போனோம். பே ஏரியாவில் சேகரோடு படித்தவர் வீடு. பசிபிக் சமுத்திரத்தைப் பார்க்கத்தான் போனோம், பார்த்தோம். காருக்குள்ளிருந்து, பத்து நிமிஷம். அந்த வீட்டுப் பெண்மணி பன்னிரண்டு பேருக்குச் சப்பாத்தி போட்டுவிட்டுக் காத்திருந்தாள். ஆறிவிடும் என்று அவசரமாகத் திரும்பினோம். அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. நாங்கள் இரண்டு பேரும் சிங்க் பக்கத்தில் நின்று பாத்திரம் துலக்கியபடி அதிகம் பேசிக்கொள்ளவே இல்லை. பேச ஆரம்பித்தால் எதில் முடியும் என்று இருவருக்கும் தெரிந்திருந்தது.

திருச்சியில் என் அம்மாவுக்கு ஒவ்வொரு தடவையும் போட்டோ அனுப்புவேன். அம்மா ஒருமுறை எழுதினாள்: "அமெரிக்காவில் சோபாக்கள் நன்றாக இருக்கின்றன." ஆல்பத்தைப் புரட்டிப் பார்த்தேன். நியூ ஜெர்சியில் பச்சை சோபா, டாலஸில் பூப்போட்ட சோபா, பே ஏரியாவில் பழுப்பு. முன்னால் நாங்கள் வரிசையாக நிற்கிறோம். வேறு எதுவும் இல்லை.

அந்தக் கடிதத்தைப் படித்த வாரத்தில்தான் மேப்பை விரித்தேன்.

கடலா, மலையா, பொட்டலா

"அம்மா, ஐ வான்ட் தி பீச்" என்றாள் உமா. அவளுக்குத் தமிழ் முழுக்கப் புரியும். பதில் மட்டும் இங்கிலீஷில்தான் வரும்.

எனக்கும் கடல்தான் ஆசை. கார்ப்பஸ் கிறிஸ்டி பக்கம் மணல் வெள்ளையாக இருக்கும் என்பார்கள். ஆனால் சேகர் புத்தகத்தைப் பார்த்துவிட்டு முகம் மலர்ந்தார்.

"கார்ப்பஸ்ல ஒரு புரொபசர் இருக்கார். நம்ம கும்பகோணம்! அவருக்கு ஒரு போன் பண்ணிட்டா..."

"வட்டம்" என்று சொல்லிப் பென்சிலைச் சுழற்றினேன்.

"அவர் ஊருக்கே போயிட்டு வீட்டுக்குப் போகலேன்னா தப்பா நினைப்பாரு, சுதா."

"அதனாலதான் அங்க போகலை."

அடுத்தது கிராமப்புறம். சான் ஆன்டோனியோ தாண்டினால் சின்னச் சின்னக் குன்றுகள், ஓடைகள், மார்ச் மாதத்தில் சாலையோரமெல்லாம் நீலப் பூ. லேபில் என் கூட வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் அதைப் பற்றிச் சொல்லிச் சொல்லி மாய்ந்து போவாள். ஆனால் சான் ஆன்டோனியோவில் மட்டும் பதினோரு குடும்பம். குன்றுகளுக்கு நடுவிலும் ஒரு டாக்டர் உட்கார்ந்திருந்தார்.

"அந்த டாக்டர் வொய்ப் போன தீபாவளிக்கு நம்ம வீட்ல நாலு நாள் இருந்தாங்களே. அவங்க கடன்பட்ட மாதிரி ஃபீல் பண்றாங்க. நாம போனா சந்தோஷப்படுவாங்க."

"அவங்க சந்தோஷப்பட மாட்டாங்க. சாம்பார் வைப்பாங்க. நான் கூட நின்னு காய் நறுக்குவேன். வேண்டாங்க."

மேப்பின் கிழக்கு முழுக்கச் சிவப்பு வட்டமாகிவிட்டது. மேற்கே போகப்போக வட்டங்கள் குறைந்தன. இடது மூலையில் ஒரு கை அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. பொட்டல். கள்ளியும் கல்லும் கொஞ்சம் மலையும். நான் அந்த வெற்றிடத்தில் உள்ளங்கையை வைத்தேன்.

"இங்க."

"அங்க என்ன இருக்கு?" என்றார் சேகர்.

"ஒண்ணும் இல்லை."

அவர் என்னைப் பார்த்தார். என் முகத்தில் என்ன தெரிந்ததோ, புத்தகத்தை மூடிவிட்டார். உமா கணக்கு நோட்டை உருவிக்கொண்டு உள்ளே போனாள். மேப்பின் அந்த மூலை சுருண்டது.

ஒரே ஒரு இலக்கம்

ரைஸ் குக்கரை எடுத்துக்கொள்ளவில்லை. ரொட்டி, பீநட் பட்டர், வாழைப்பழம், சிப்ஸ், ஒரு டப்பா முறுக்கு. அதுவும் விருந்தாளிக்குச் சுட்டதில் மிஞ்சிய முறுக்கு. விடிந்ததும் கிளம்பி மேற்கே போய்க்கொண்டே இருந்தோம். மரங்கள் குட்டையாகி, புதராகி, பிறகு அதுவும் நின்றுவிட்டது. எனக்கு மூச்சு நன்றாக வந்தது. சேகர் நடுநடுவே, "ஒரு வாய் ரசம் இருந்தா..." என்று ஆரம்பித்து என்னைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

மோட்டல் எடுத்திருந்த ஊருக்குச் சாயங்காலம் போய்ச் சேர்ந்தோம். அதன் பெயரை எழுதப்போவதில்லை. பத்துத் தெரு, ஒரு தண்ணீர்த் தொட்டிக் கோபுரம், ஒரு சின்ன ஆஸ்பத்திரி, ஒரு ரயில் பாதை. ஊர் முகப்பில் கேஸ் ஸ்டேஷன். பெட்ரோல் போட்டுவிட்டு, ஐஸ் வாங்க சேகர் கடைக்குள் போனார். நான் காருக்கு வெளியே நின்று இடுப்பை நிமிர்த்திக்கொண்டிருந்தேன். பேன்ட் சட்டைதான் போட்டிருந்தேன். ஆனால் பொட்டை எடுக்க மறந்துவிட்டேன்.

"நீங்கள் தமிழோ?"

திரும்பினேன். வெள்ளைக் கோட்டு, கழுத்தில் ஸ்டெதாஸ்கோப், நாற்பது வயது இருக்கும். முகம் முழுக்கச் சிரிப்பு.

"நான் யாழ்ப்பாணம். இஞ்ச ஆஸ்பத்திரியில டொக்டர். வந்து எட்டு மாசம் ஆகுது. ஒரு தமிழ் ஆளைக் காண்றது இதுதான் முதல் தரம்!"

நான் ஏதோ சொன்னேன். சந்தோஷம் என்று சொன்னேன் போலிருக்கிறது. கண் கடைக் கதவின் மேலேயே இருந்தது.

"வீடு கிட்டத்தான். ஒருக்கா வந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன். என்ரை மனிசி சந்தோஷப்படுவா. அவ தமிழ் கதைச்சு எட்டு மாசம். என்னோட கதைக்கிறதைக் கணக்கில சேர்க்கேலாது" என்று அவரே சிரித்தார்.

சேகர் வெளியே வந்தால் எல்லாம் முடிந்தது. தேநீர் சாப்பாடாகும், சாப்பாடு தங்கலாகும், நாளைக் காலையில் நான் அந்த வீட்டு அடுப்பு முன்னால் நிற்பேன். ஒரு மாநிலத்தின் நீளத்தைக் கடந்து வந்தது இதற்கா? அழுகையே வந்துவிட்டது.

"இல்லைங்க, எல் பாசோல பிரெண்ட்ஸ் வெயிட் பண்றாங்க. இப்பவே லேட்" என்றேன். எல் பாசோவில் எனக்கு யாரையும் தெரியாது.

அவர் முகம் கொஞ்சம் வாடியது. ஆனாலும் விடவில்லை. கோட்டுப் பையிலிருந்து மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"அப்ப போன் நம்பரையாவது தாங்கோ. அவ எடுத்துக் கதைப்பா. பேர்?"

"சுதா."

நம்பரைச் சொன்னேன். கடைசி இலக்கம் ஏழு. நான் நாலு என்றேன்.

வாய் தவறிவிட்டது என்று எழுத ஆசைதான். தவறவில்லை. யோசித்துத்தான் சொன்னேன். இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு என் நம்பர் கிடைத்தால் அடுத்த கோடையில் அவர்களும் கோயிலுக்கு வருவார்கள், என் வீட்டு ஹாலில் படுப்பார்கள் என்று அந்த ஒரு நொடியில் கணக்குப் போட்டு முடித்துவிட்டேன்.

அவர் அதை மருந்துச் சீட்டில் அழகாக எழுதி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கும்பிட்டுவிட்டுப் போனார்.

பின் சீட்டிலிருந்து உமா தலையை நீட்டினாள். பள்ளிக்கூடத்தில் எல்லாப் பிள்ளைகளுக்கும் வீட்டு நம்பரை மனப்பாடம் செய்யச் சொல்லியிருந்தார்கள்.

"அம்மா, யூ செட் ஃபோர். இட்ஸ் செவன்."

"தெரியும். பேசாம இரு."

சேகர் ஐஸோடு வந்தார். "யாரு அது? நம்ம ஆள் மாதிரி இருந்துதே?"

"வழி கேட்டாரு" என்றேன்.

உமா என்னைப் பார்த்த பார்வை இன்றைக்கும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பின்பக்கத்து அறை

எல் பாசோ போகிறேன் என்று சொல்லிவிட்டு அதே ஊரில் இரண்டரை நாள் தங்க வேண்டும். என் சாமர்த்தியத்தை நான்தான் மெச்சிக்கொள்ள வேண்டும்.

மோட்டலில் ரோட்டைப் பார்த்த அறையை மாற்றி, பின்பக்கத்து அறையைக் கேட்டு வாங்கினேன். காரையும் பின்னாலேயே நிறுத்தச் சொன்னேன். "ஏன்?" என்றார் சேகர். "வெயில்" என்றேன். ஊருக்குள் நடக்கப் போகலாம் என்றபோது கால் வலி என்றேன். அப்பாவும் மகளும் மட்டும் மலைப்பக்கம் போய் வந்தார்கள்.

அறைக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே வேலி, வேலிக்கு அப்பால் பொட்டல், கடைசியில் நீலமாக ஒரு மலைக்கோடு. காற்று காய்ந்த புல் வாசனையோடு வரும். யாரும் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் மத்தியானம் அந்த நாற்காலியிலேயே தூங்கிப்போனேன். விழித்தபோது மடியில் சாப்பிடாத ரொட்டி. கல்யாணத்துக்குப் பிறகு பகலில் நான் உட்கார்ந்தபடி தூங்கியது அன்றைக்குத்தான்.

நன்றாக இருந்தது. சத்தியமாக நன்றாக இருந்தது. அதனால்தான் இன்னும் உறுத்துகிறது.

நாலாம் நாள் காலையில் ரொட்டி தீர்ந்துவிட்டது. உமாவைக் கூட்டிக்கொண்டு பக்கத்து சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். காய்கறி வரிசையின் மறுகோடியில் ஒரு பெண் முதுகைக் காட்டி நின்றாள். நூல் புடவை, மேலே பெரிய ஆண்பிள்ளை ஸ்வெட்டர், நீளப் பின்னல். எலுமிச்சம்பழத்தை ஒவ்வொன்றாக எடுத்து, மூக்கருகே வைத்து முகர்ந்து, திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள். அவசரமே இல்லை. அவளுக்கு எலுமிச்சம்பழம் தேவையில்லை என்று எனக்குத் தோன்றியது.

பத்தடி. "என்னங்க" என்று ஒரு வார்த்தை சொன்னால் திரும்பியிருப்பாள்.

ரொட்டியை அங்கேயே ஒரு அலமாரித் தட்டில் வைத்துவிட்டு உமாவின் கையைப் பிடித்து வெளியே வந்துவிட்டேன். அன்று காலை நாங்கள் முறுக்கு மட்டும் சாப்பிட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பினோம். உமா வழியெல்லாம் பேசவில்லை. கடலுக்குப் போகாத கோபம் என்று சேகர் நினைத்துக்கொண்டார்.

கோயிலில்

அந்த வருடம் முழுக்க விருந்தாளிகள் வந்தார்கள், போனார்கள். நானும் இட்லி வார்த்தேன். போன் அடிக்கும்போதெல்லாம் ஒரு வினாடி கை தயங்கும். அந்தப் பெண்ணால் கூப்பிட முடியாது என்று தெரிந்தும் தயங்கும்.

குளிர் ஆரம்பித்த ஒரு ஞாயிற்றுக்கிழமை. கோயிலில் பிரசாதம் வாங்கிக்கொண்டு புல்தரையில் நிற்கிறோம்.

"அக்கா! நீங்கள்தானே?"

வெள்ளைக் கோட்டு இல்லை, வேட்டி. அதே சிரிப்பு. உமா என் விரலை இறுக்கினாள்.

"அண்டைக்கு கேஸ் ஸ்டேஷனில கண்டனாங்கள்! பாருங்கோ, நான் உங்கடை நம்பரைப் பிழையா எழுதிப்போட்டன். இவ என்னை எத்தினை தரம் ஏசினவ தெரியுமோ!"

பக்கத்தில் நூல் புடவை. முகத்தை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுப்பு. "நான் பவானி" என்றாள்.

சேகர் என் பக்கம் திரும்பினார். "கேஸ் ஸ்டேஷனா? வழி கேட்டவர்னு..." என்று தொடங்கி, மேலே கேட்காமல் அவர்கள் பக்கம் திரும்பிக்கொண்டார். "என்னங்க இது, புக்ல உங்க பேரே இல்லையே! வாங்க, வாங்க, வீட்டுக்கு வாங்க. எங்க தங்கியிருக்கீங்க? வீடு இருக்கும்போது எதுக்கு மோட்டல்?"

"மோட்டலில்லை, தெரிஞ்ச ஆக்களோட நிக்கிறம்" என்றாள் பவானி. "காப்பி குடிக்க வாறம்."

சுவர் போன்

ஆண்கள் ஹாலில் உட்கார்ந்தார்கள். பவானி என் பின்னாலேயே சமையலறைக்கு வந்துவிட்டாள். முதல் நாள் வந்து போன விருந்தாளிகளின் பாத்திரம் சிங்க் நிறையக் கிடந்தது. எனக்கு வெட்கமாக இருந்தது. டிகாக்ஷன் இறங்கக் காத்திருந்தேன். அவள் கவுண்டரில் சாய்ந்து நின்று மெதுவாகப் பேசினாள்.

"அம்மா ஊரில செத்துப்போனா எண்டு தந்தி வந்தது. வைகாசியில. இவர் ஆஸ்பத்திரியில நிண்டவர். எனக்குத் தமிழில அழ ஒரு ஆள் வேணுமா இருந்தது. உங்கடை நம்பர் எழுதின துண்டு கிடந்தது. எடுத்து நம்பரை அடிச்சன்."

நான் ஸ்டவ்வைத் தணித்தேன். ஏற்கெனவே தணிந்துதான் இருந்தது.

"ஒரு வயசான வெள்ளைக்கார மனிசி எடுத்தவ. ராங் நம்பர் எண்டா. வைச்சிட்டுத் திருப்பி எடுத்தன். அவதான். மூண்டாந்தரம் எனக்கு அழுகை வந்திட்டுது. அவ போனை வைக்கேல்ல. என்ன பிள்ளை, என்ன நடந்தது எண்டு கேட்டா. நான் பாதி தமிழில சொல்லியிருப்பன் போல. அவ கேட்டுக்கொண்டே இருந்தா."

"அப்புறம்?" என்றேன்.

"அதுக்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அவவே எடுப்பா. இப்ப அவ வீட்டதான் வந்து நிக்கிறம். இஞ்சயிருந்து அஞ்சு நிமிசம். காலமை எங்களுக்கு முட்டை பொரிச்சுத் தந்தவ." கொஞ்சம் சிரித்தாள். "உங்கடை நம்பரைத்தான் ஒருநாளும் கண்டுபிடிக்கேலாமல் போச்சு."

எங்கள் போன் சமையலறைச் சுவரில்தான் மாட்டியிருந்தது. அந்தக் காலத்துப் போன்களில் ரிசீவருக்குக் கீழே ஒரு சின்னக் கண்ணாடிச் சதுரம் இருக்கும். அதற்குள் காகிதத்தில் அந்த வீட்டு நம்பரை எழுதி வைப்போம். எங்களுடையதை உமா எழுதியிருந்தாள். பெரிய பெரிய எழுத்தில், ஏழின் குறுக்கே ஒரு கோடு போட்டு.

பவானி பேசிக்கொண்டே அந்தப் பக்கம் திரும்பினாள். பேச்சு நின்றது. குனிந்து பார்த்தாள். நம்பரை அவள் மனப்பாடமாக வைத்திருந்திருப்பாள். எத்தனை தடவை சுழற்றிய நம்பர். அவள் உதடு மெல்ல அசைந்தது. கடைசி இலக்கத்தில் நின்றது.

ஹாலில் அவள் கணவரின் சிரிப்புச் சத்தம் கேட்டது. தானே பிழையாக எழுதிய கதையை அவர் சேகரிடம் மறுபடி சொல்லிக்கொண்டிருந்தார்.

சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அவள் நிமிர்ந்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு சிங்கைப் பார்த்தாள், மாவு வழிந்து காய்ந்த கிரைண்டரைப் பார்த்தாள், மூலையில் மடிக்காமல் குவிந்திருந்த பன்னிரண்டு பெட்ஷீட்டைப் பார்த்தாள். பார்த்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"நல்லாக் களைச்சுப்போயிருந்திருப்பியள், என்ன?" என்றாள்.

அவ்வளவுதான். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். குழாயைத் திறந்து முதல் தட்டைக் கையில் எடுத்தாள். நான் பறிக்கப் போனேன். ஈரக் கையால் என்னைத் தடுத்து, காலால் ஒரு நாற்காலியை என் பக்கம் தள்ளினாள்.

"நீங்கள் இருங்கோ."

அந்தச் சமையலறையில் எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ சொல்லியிருக்கிறார்கள். இதை யாரும் சொன்னதில்லை. நான் உட்கார்ந்தேன். அவள் கடைசிப் பாத்திரத்தைக் கழுவிக் கவிழ்க்கும்வரை என்னால் எழுந்திருக்க முடியவில்லை.